தட்டிய செம்புக்குள் பாசிட்ரான்

கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் என் ஆய்வுக்குச் செம்புத் தகடு கேட்டபோது, "எது வேணும் தம்பி, தட்டினதா, காய்ச்சினதா?" என்றார் பெரியவர். தட்டத் தட்டச் செம்பு முறுக்கேறிவிடும். சிவக்கக் காய்ச்சினால்தான் மறுபடி வளையும். இரண்டிலும் வாங்கினேன். அந்த முறுக்கை அணு அளவில் பார்ப்பதுதான் என் வேலையே.

கதிரியக்கம் கொண்ட சோடியம்-22 ஒரு பாசிட்ரானை, அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானின் எதிர்த்துகளை, விடும்போது, கூடவே 1.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் ஒன்றும் வரும். அதுதான் பிறப்புச் செய்தி. உலோகத்துக்குள் எலக்ட்ரானோடு சேர்ந்து பாசிட்ரான் அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா இரண்டு வரும். இடைப்பட்ட நேரமே பாசிட்ரானின் ஆயுள். தட்டும்போது உண்டாகும், அணு விடுபட்ட காலியிடத்தில் பாசிட்ரான் மாட்டிக்கொண்டால் அங்கே எலக்ட்ரான் குறைவு, ஆயுள் நீளும்.

இந்த ஆயுளை அளக்கும் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. கதிரியக்க மூலம் வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். வேறொரு ஆய்வகத்தில் நேரம் கேட்டுக் காத்திருந்தோம்.

ஆனால் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியது அதற்கு முன்பு, மாதிரி தயாரிப்பில். பாசிட்ரான்களில் பெரும்பாலானவை மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரானுக்குள்ளேயே நின்றுவிடும். உப்புத்தாளில் தேய்த்தால் அந்தத் தேய்ப்பே புதுக் குறைகளை உண்டாக்கும். நாம் அளப்பது பட்டறைச் சுத்தியலையா, நம் கையையா என்றே தெரியாது. அதனால் தட்டிய துண்டுகளைத் தேய்த்தபின் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மேல்தோலைக் கரைத்தோம். காய்ச்சிய தகட்டையோ வெட்டித் தேய்த்து முடித்தபின், வெற்றிடக் குழாயில் இன்னொரு முறை காய்ச்சினோம். காற்றில் என்றால் கறுத்துப்போகும். ஒரே மாதிரி இரண்டு துண்டுகள், நடுவில் காப்டன் (Kapton) என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மூடிய சோடியம்-22 மூலம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் பத்து லட்சம் எண்ணிக்கை. அறையின் வெப்பநிலை மாறினால் மின்னணுச் சுற்றின் நேர அளவு நகரும், ஆகவே ஏசியை யாரும் தொடக்கூடாது.

காய்ச்சிய செம்பில் ஆயுள் 120 பைக்கோவினாடியை (ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பைக்கோவினாடி) ஒட்டி வந்தது. தட்டியதில் 170-ஐ ஒட்டி. காப்டன் தாளிலேயே அழியும் பாசிட்ரான்களின் 380 பைக்கோவினாடிப் பங்கைக் கழித்த பிறகுதான் இந்த எண்கள். தட்டிய மாதிரியின் அளவீட்டை, மாட்டிக்கொண்டவை, மாட்டாதவை என்று இரண்டு ஆயுள்களாகப் பிரிக்கச் சொன்னால் மென்பொருள் பிரித்துத்தான் தரும், ஆனால் தொடக்க மதிப்பை லேசாக மாற்றினால் விடையும் மாறுகிறது. என்னைக் கேட்டால், சராசரி ஆயுளை நம்புங்கள். அடுத்து 200, 300 டிகிரியில் படிப்படியாகக் காய்ச்சி, அது எங்கே இறங்குகிறது என்று பார்க்கப்போகிறோம்.