பாறைக்கு மட்டுமல்ல, சூருக்கும் வயதைக் குறையுங்கள்

ரிசல்ட் போன வாரம் வந்தது. ஐசோடோப்பு புவிவேதியியல் தாளில் இரண்டாவது முயற்சியில் கரையேறிவிட்டேன். முதல் முயற்சியில் மூழ்கியதற்குக் காரணம் ஒரே ஒரு கழித்தல். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாறை உருகினாலும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதம் மாறாது, அதனால் பசால்ட்டை (எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை) அளந்தால் மேன்டிலை (பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு) அளந்த மாதிரி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராகக் கேள்விக்கு வருகிறேன். 250 மில்லியன் ஆண்டு வயதுள்ள ஒரு பசால்ட். நியோடிமியம் 143/144 விகிதம் 0.51280. சமாரியம் 147-க்கும் நியோடிமியம் 144-க்கும் உள்ள விகிதம் 0.14. எப்சிலான் கண்டுபிடித்து, மூலம் எது என்று சொல்ல வேண்டும். எப்சிலான் என்பது பாறையின் நியோடிமியம் விகிதம் சூரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு; சூர் என்பது காண்டிரைட் விண்கற்களின் சராசரி, நாம் ஒப்பிடும் அளவுகோல்.

சமாரியம் 147 சிதைந்து நியோடிமியம் 143 ஆகிக்கொண்டே இருக்கும். அப்படிச் சேர்ந்ததைக் கழித்து, பாறையை ஒழுங்காக 250 மில்லியன் ஆண்டு பின்னே கொண்டுபோனேன். 0.512571 வந்தது. அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற 0.512638 என்ற சூர் மதிப்போடு ஒப்பிட்டேன். எப்சிலான் மைனஸ் 1.3. மைனஸைப் பார்த்ததும் ஒரே குஷி. செறிவூட்டப்பட்ட மேன்டில், கண்ட மேலோட்டுக் கலப்பு, அதிலும் இஎம்-1 வகையா இஎம்-2 வகையா என்று ஒன்றரைப் பக்கம் வெளுத்து வாங்கினேன். வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது: நான் எடுத்தது இன்றைய சூர். 250 மில்லியன் ஆண்டுக்கு முன்னால் அதன் மதிப்பு 0.512316. சரியான விடை பிளஸ் 5.0. செறிவு அல்ல, வறுமை, அதாவது ஏற்கெனவே உருகல் பறிபோன மேன்டில்! எழுதிய ஒன்றரைப் பக்கமும் தலைகீழ்.

அண்ணனின் ஐந்து வயதுப் போட்டோவையும் தம்பியின் இன்றைய போட்டோவையும் பக்கத்தில் வைத்து, யார் உயரம் என்று பார்த்த கதைதான் இது. பாறையின் வயதைக் குறைத்தால் சூரின் வயதையும் குறைக்க வேண்டும். இரண்டையும் இன்றைய மதிப்பில் விட்டிருந்தால்கூட எனக்குப் பிளஸ் 3.2 வந்திருக்கும், தப்புதான், ஆனால் திசையாவது சரியாக இருந்திருக்கும். பாதித் திருத்தம்தான் ஆளைக் கவிழ்த்தது.

நாலாவது தசமத்தில் மாறுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். சமாரியம் 147-இன் அரைவாழ்வு 106 பில்லியன் ஆண்டு, அதனால் எல்லா மாற்றமும் அந்த மூலையில்தான் நடக்கும். எப்சிலான் என்பதே பத்தாயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அப்படியிருக்க, நாலாவது தசமம்தான் முழு விடையும்.

அடுத்த தடவை படித்தபோது அட்டவணைகளை ஓரம் கட்டினேன். எனக்கு மனப்பாடம் ஏறாது. படம் போட்டால்தான் நிற்கும். உங்களுக்கு ஏறும் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஸ்ட்ரான்சியமும் நியோடிமியமும் எதிர்த்திசையில் போவது முன்பெல்லாம் எனக்குக் குழம்பிக்கொண்டே இருக்கும். பகுதி உருகலில் யார் முதலில் ஓடுகிறார்கள் என்று ஒரு படம் போட்டேன். ருபீடியம் ஸ்ட்ரான்சியத்தை முந்திக்கொண்டு உருகலுக்குள் ஓடும்; அங்கே ஓடுவது தாய், அதாவது சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆகும் தனிமம். சமாரியம்–நியோடிமியம் ஜோடியில் முந்துவது நியோடிமியம். தாயான சமாரியம் மிச்சத்தில் அதிகம் தங்கும். அதனால் உருகல் பறிபோன மேன்டிலில் காலப்போக்கில் ஸ்ட்ரான்சியம் 87/86 குறைவாகவும் நியோடிமியம் 143/144 கூடுதலாகவும் நிற்கும். நடுக்கடல் முகட்டுப் பசால்ட் ஸ்ட்ரான்சியத்தில் 0.7025 பக்கமும் எப்சிலான் பிளஸ் 10 பக்கமும் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அன்றிலிருந்து குழப்பம் இல்லை.

மேன்டில் மூலங்களின் பெயர்கள் 1986-இல் சிண்ட்லரும் ஹார்ட்டும் வகுத்தவை. ஒவ்வொன்றையும் ஒரு தீவோடு முடிச்சுப் போடுங்கள். ஹைமு என்றால் செயின்ட் ஹெலினா, மாங்கையா. இஎம்-1 என்றால் பிட்கெய்ர்ன். இஎம்-2 என்றால் சமோவா. ஹைமுவில் இருக்கும் மியூ என்பது யுரேனியம் 238-க்கும் ஈயம் 204-க்கும் உள்ள விகிதம், அது 'ஹை'. புவித்தட்டோடு மேன்டிலுக்குள் அமிழும்போது ஈயத்தை இழந்த பழைய கடல் மேலோடு என்று விளக்கம் எழுதலாம். ஈயம் 206/204 விகிதம் 20-ஐத் தாண்டினால் கை தானாக ஹைமு என்று எழுதும். இஎம்-1-க்கு மட்டும் ஒரே விளக்கத்தில் நிற்காதீர்கள். ஆழ்கடல் வண்டலா, கண்டத்தின் கீழ் மேலோடா என்று இரண்டு தரப்பையும் போடுங்கள்.

அப்புறம், அவசரத்துக்குச் சில:

– ஸ்ட்ரான்சியம்–நியோடிமியம் படத்தில் ஸ்ட்ரான்சியம் மட்டும் வலப்பக்கம் (கூடுதலாக) நகர்ந்து நியோடிமியம் அசையாமல் இருந்தால் கடல்நீரைச் சந்தேகியுங்கள். இன்றைய கடல்நீர் 0.7092. அது மேன்டில் கதை அல்ல.

– சிலிக்கா கூடக்கூட ஸ்ட்ரான்சியம் விகிதமும் கூடினால் மேலோட்டுக் கலப்பு. இதைச் சோதிக்காமல் இஎம்-2 என்று எழுதாதீர்கள்.

– ஈயம்–ஈயப் படத்தில் இரண்டு மூலங்களின் கலப்பு நேர்கோடு. எல்லா விகிதத்துக்கும் கீழே இருப்பது அதே 204. கோட்டைப் பார்த்த வேகத்தில், அது வயதைக் காட்டும் கோடு என்று நினைத்து வயது கணக்குப் போட உட்காராதீர்கள்.

– ஸ்ட்ரான்சியம்–நியோடிமியம் படத்தில் கலப்பு பொதுவாக வளையும். ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால் மார்க் போகும்.

– ஹீலியம் 3/4, வளிமண்டலத்தைப் போல் சுமார் 8 மடங்கு என்றால் நடுக்கடல் முகடு. லோயிஹி (ஹவாய்க்குப் பக்கத்துக் கடலடி எரிமலை) போன்ற இடங்களில் அது மிக அதிகம். இதற்கு மேல் ஹீலியத்தில் நான் இறங்கவில்லை, சாய்ஸில் விட்டேன்.

கூட்டுப் படிப்பு, மாதிரி விடைத்தாள் இவை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கையில் கிடைத்த ஒரு மாதிரி விடையிலேயே சூரை இன்றைய மதிப்பில் விட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துத்தான் பழகினேன்.

இரண்டாவது தேர்வில் வினாத்தாளைத் திருப்புவதற்கு முன்னாலேயே விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் 'சூருக்கும்' என்று எழுதிவைத்தேன். வந்த கேள்வியில் பசால்ட்டின் வயது வெறும் 2 மில்லியன் ஆண்டு. இரண்டு பக்கமும் திருத்தினேன். எப்சிலானில் இரண்டாவது தசமத்தில்தான் ஏதோ லேசாக அசைந்தது.