7 கட்டை, 3 உறவு

வீட்டு உறவுப் பெயர்களைக் குறுக்கெழுத்துப் போல, எழுத்துக்கு ஒரு மரக்கட்டையாகக் கோத்து வைக்க ஆசை. தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குத் துண்டுகளை 3 அங்குலச் சதுரமாக அறுத்து வாங்கி வந்தேன். 120, அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள். தேய்த்ததில் பாதி வீடு தூசி. கார்பன் தாள் வைத்து எழுத்தைப் பதித்து, கறுப்பு அக்ரிலிக் பூசினேன்.

குறுக்கே 'அப்பா'. 'அ'விலிருந்து கீழே 'அம்மா', 'பா'விலிருந்து 'பாட்டி'. மொத்தமே 7 கட்டை! 'அம்மா'வின் 'ம்'மைப் பிடித்துக் குறுக்கே 'தம்பி'யை நுழைத்தால், பக்கத்து 'ட்'டும் ஒட்டிக்கொண்டு 'தம்பிட்' ஆகிவிடுகிறது. அவனுக்குத் தனியாக ஒன்று செய்து தருவதாகச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

புள்ளிகளுக்கு மட்டும் பெயின்ட் இல்லை. சோபாவில் அடிக்கிற பித்தளைக் குமிழ் ஆணி. முதலில் துளை போடாமல் அடித்ததில் 'ட்' விரிசல் விட்டது. ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். பாட்டி அந்தக் கட்டையைத்தான் தடவித் தடவிப் பார்க்கிறார்.