ஆணி அடிக்காமல் ஐந்து ரவுட்டர்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அறுபதாம் கல்யாணத்துக்குப் பங்காளிகள் கூடுகிறார்கள்; வர முடியாத மலேசியாக்காரர்களுக்கு வீடியோ காலில் காட்ட வேண்டும். "சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது தம்பி" என்று ஆச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், அவர் சொல்வது நியாயம்தான். கேபிள் கிடையாது என்றால் மெஷ்தான் வழி; அதாவது ரவுட்டர்களே கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று கைகோத்துக்கொள்ளும் வலை.

முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, பின்வாசல் என ஐந்து ரவுட்டர்கள். எல்லாவற்றிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டருக்கான லினக்ஸ். வைப்பது அரை நாள் வேலை; பாக்கெட்டை (தகவல் துண்டை) யார் யாரிடம் கைமாற்றுவது என்று முடிவு செய்ய ஒரு வாரம் ஆனது.

அந்த முடிவை எடுக்கும் நெறிமுறைகள் பல. ஓஎல்எஸ்ஆர், பாபெல் இரண்டும் ஐபி முகவரி அளவில் வழி பார்ப்பவை. ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி சப்நெட் (முகவரித் தொகுதி) கொடுத்தால், வளவில் பேச ஆரம்பித்தவர் அடுப்படிக்குப் போவதற்குள் ஃபோனின் முகவரி மாறி அழைப்பு அறுந்துவிடும். ஊர் முழுக்க வீடுகளை இணைப்பதாக இருந்தால் பாபெல்லைத்தான் எடுத்திருப்பேன். இங்கே வேண்டாம்.

அடுத்து 802.11எஸ் என்ற வைஃபை மெஷ் விதிமுறையிலேயே வரும் எச்டபிள்யூஎம்பி. தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் முகப்பு ரவுட்டர் சில நேரம் வளவு வழியாகப் போகும், சில நேரம் வளவைத் தாண்டி நேரே இரண்டாங்கட்டைப் பிடிக்கும். பாதைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அடுத்த ஹாப், அதாவது பாக்கெட்டை அடுத்து வாங்கும் ரவுட்டர், மாறிக்கொண்டே இருந்தது. வீடியோ நின்று நின்று வந்தது.

சரி என்று 802.11எஸ்ஸின் ஃபார்வர்டிங்கை (கைமாற்றும் வேலையை) அணைத்துவிட்டு, அதன் மேலே பேட்மேன்-ஏடிவி என்ற இன்னொரு வழி பார்க்கும் நெறிமுறையைப் போட்டேன். 2011-லிருந்து லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. ஆச்சரியம், அதுவும் அதே நேர்வழியைத்தான் எடுத்தது! இணைப்பின் தரம் 255-க்கு 210 என்று காட்டியது. இரண்டு கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் எப்படி 210?

அப்புறம்தான் பிடிபட்டது. பேட்மேனின் நான்காம் வகை, சின்னச் சின்ன அறிவிப்புப் பாக்கெட்டுகள் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணித்தான் தரம் சொல்கிறது. அவை போவது மிகக் குறைந்த வேகத்தில், அதாவது 6 எம்பிபிஎஸ்ஸில். அந்த வேகத்தில் எந்தச் சுவரையும் தாண்டிவிடும், வீடியோ தாண்டாது. இந்த அறிவிப்புகள் போகும் மல்டிகாஸ்ட் வேகத்தை 24 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினேன். நேர்வழியின் தரம் 60-க்கு இறங்கியது, வளவு வழி அப்படி இறங்கவில்லை. அதோடு பாதை தாவுவது நின்றது.

எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1532 பைட் ஆக்க மறந்தால் பெரிய பாக்கெட்டுகளை எல்லாம் உடைத்து அனுப்பும், வேகம் போய்விடும். ஃபோன்களுக்கு 2.4, மெஷ்ஷுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று பிரித்தேன். ஒரே சேனலில் ஹாப்புக்கு ஹாப் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அதற்கு மருந்தில்லை. பின்வாசலில் 18 எம்பிபிஎஸ் வந்தது, போதும்.

கல்யாணத்தன்று காலையில் படம் மறுபடி கட்டம் கட்டமாக உடைந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், வளவு ரவுட்டரை மறைத்துப் பித்தளை அண்டாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நகர்த்தியதும் தரம் ஏறியது.

"அண்டா ஆகாதுன்னு முந்தியே சொல்லியிருக்கலாமே தம்பி, ஆணியைப் பத்தி நான் சொன்ன மாதிரி" என்றார் ஆச்சி.