கூலிக் கட்டம்

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கிற பணத்தில் தொடங்கக்கூடிய ஒரு சிறுதொழிலுக்குத் திட்டம் போட்டு வரச் சொல்வது என் வழக்கம். மதுரைப் பிள்ளைகள் ஆயிற்றே, ஜிகர்தண்டா, இட்லி மாவு, பூக்கட்டு எல்லாம் தவறாமல் வரும்.

ஒரு மாணவியின் பூக்கட்டுத் திட்டம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. மாட்டுத்தாவணிச் சந்தையில் காலையில் மல்லிகை வாங்குவது, அம்மா கட்டித்தருவது, சாயங்காலம் கோயில் பக்கம் முழக்கணக்கில் விற்பது. பூ விலை, நூல் எல்லாம் எழுதியிருந்தாள். பேருந்துச் செலவுக்குச் சுழியம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அதையும் கணக்கில் எடுத்திருந்தாள். கூலிக் கட்டம் மட்டும் காலி.

"அம்மாதானே சார் கட்டுறாங்க, அதுக்கு எதுக்குக் காசு?"

"வேற கடைக்குக் கட்டிக்கொடுத்தா அம்மாவுக்குக் காசு வருமா?"

"வரும் சார். கிலோவுக்கு இவ்வளவுன்னு கொடுப்பாங்க."

சரி, அதை எழுது என்றேன். எழுதியதும் லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அப்படியென்றால் இது நஷ்டமா என்று வகுப்பே விவாதத்தில் இறங்கியது. நஷ்டம் இல்லை, கூலி வீட்டுக்குத்தான் வருகிறது. ஆனால் அம்மா காய்ச்சலில் படுத்தால் வெளியாளுக்குக் கூலி கொடுத்துத்தான் பூக்கட்ட வேண்டும். அன்றைக்கும் தொழில் தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான் திட்டம் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் விலை. பிள்ளைகள் ஒரே ஒரு விலையை எழுதிவிட்டு வருடம் முழுக்கப் பெருக்குகிறார்கள். மார்கழி, தைக் குளிரில் மல்லிகை வரத்து குறைந்து விலை எங்கேயோ போகும்; ஆடியில் கல்யாணம் இல்லாததால் இறங்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூதான். ஆனாலும் அன்றைக்கே விற்காவிட்டால் மறுநாள் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்பதில்லை. அதனால் சாதாரண நாள், முகூர்த்த நாள், மழை பெய்து பூ மிஞ்சிய நாள் என்று தனித்தனியாகக் கணக்குப் போடச் சொல்கிறேன். மழைநாள் கணக்கில்தான் பிள்ளைகள் உண்மையில் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த மாணவி அதைப் போட்ட பிறகு, தினசரி விற்பனையைக் குறைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு கல்யாண ஆர்டர் எடுக்கலாம் என்று திட்டத்தை மாற்றினாள்.

கடன் பகுதியும் உண்டு. சிறுதொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை என்று சொன்னால் கண்கள் விரியும். ஆனால் 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. எனவே கடன் அம்மா பெயரில், சிறுதொழில்களுக்கான கட்டணமில்லாத அரசுப் பதிவான உத்யமும் அம்மா பெயரில், உழைப்பும் அம்மாவுடையது. அவருடைய கூலியை மட்டும் எழுதாமல் விடுவது எப்படி நியாயம்?

பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் அழகான சின்னமும் வண்ண வரைபடமும் வைத்த திட்டங்களே பரிசு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஐஸ், பால், மின்சாரம் எல்லாம் கூட்டிப் பார்த்து, "இந்த முதலீட்டில் ஜிகர்தண்டாக் கடை ஓடாது" என்று எழுதிவந்த மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். ஓடாது என்பதைக் கடன் வாங்குமுன் கண்டுபிடித்தவன் அவன்.

இப்போது நான் கொடுக்கும் தாளில் முதல் வரியே "யார் உழைக்கிறார்கள், என்ன கூலி" என்பதுதான். சரக்கு விலை அதற்குக் கீழே. பையன்கள் தங்கள் கூலியை உடனே எழுதிவிடுகிறார்கள். அம்மாவுக்கும் தங்கைக்கும் எழுத, இன்னமும் ஒருமுறை கேட்க வேண்டியிருக்கிறது.