சிறுகோள் மாதிரிகள் தாள்: 'எப்போது?' என்று கேட்டுப் படியுங்கள்

முடிவு வந்துவிட்டது. அண்ட வேதியியல் தாளை நல்லபடியாகத் தாண்டிவிட்டேன், பெரிய நிம்மதி. இனி எழுதப் போகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: எந்தத் தரவைப் படித்தாலும், அது எப்போது உருவானது என்று கேளுங்கள். சூரியனுக்கு முந்தைய குளிர்ந்த மேகத்திலா, தாய்ச் சிறுகோளுக்குள் (இன்றைய சிறுகோள் உடைந்து வந்த பெரிய சிறுகோள்) நீர் இருந்த காலத்திலா, பூமிக்கு வந்த பிறகா?

பென்னு என்ற சிறுகோளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் அதன் மாதிரி 121.6 கிராம் விண்கலம் வழியாகப் பூமிக்கு வந்து சேர்ந்தது. உயிர்களின் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14, கூடவே மரபுப் பொருளான டிஎன்ஏ, ஆர்என்ஏவைக் கட்டும் ஐந்து காரங்களும் அதில் இருந்தன. இதை அப்படியே பட்டியல் போட்டால் விடை ஆகாது. அமோனியா மிகுந்திருப்பதும் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான வடிவம்) கூடியிருப்பதும் கடுங்குளிரான பிறப்பிடத்தைக் காட்டுகின்றன. சோடியம் கார்பனேட், ஹாலைட் (சோடியம் குளோரைடு) போன்ற உப்புகளோ தாய்ச் சிறுகோளுக்குள் உப்புநீர் வற்றியபோது படிந்தவை. ஒரே மாதிரிதான், ஆனால் இரண்டு காலங்கள். இதைப் பிரித்து எழுதியதுதான் என்னைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது காலத்துக்கு ஓர்கெய் விண்கல்லைக் காட்டுங்கள். 1864-இல் பிரான்சில் விழுந்து, நூறாண்டுக்கு மேல் பூமியின் ஈரக் காற்று பட்டபடி இருந்தது. அதிலுள்ள சல்பேட்டுகள், ரியுகு என்ற சிறுகோளிலிருந்து விண்கலம் கொண்டுவந்த 5.4 கிராமில் காணப்படவில்லை; அதாவது அவை பூமிக்கு வந்த பிறகு உருவானவை. மற்றபடி இரண்டும் ஒரே இனம். விண்கலம் அனுப்பி எடுத்துவருவது ஏன் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கூட்டுப் படிப்பு ஒத்துவராது. தனியாக உட்கார்ந்து, நீளமான தாளில் காலக்கோடு வரைந்து, ஒவ்வொரு தரவையும் அதில் இடம் பார்த்து எழுதினேன். மனப்பாடம் வராதவர்களுக்கு இது பொருந்தும். அப்புறம், விட்டுவிடக் கூடாதவை:

- விண்கற்களில் உள்ள கால்சியம்-அலுமினியம் மிகுந்த துணுக்குகள், வயது 456.7 கோடி ஆண்டுகள்; சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருள். காலக்கோட்டின் பூஜ்யம் இதுதான்.
- மாங்கனீசு-53 என்ற கதிரியக்க அணு, அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 37 லட்சம் ஆண்டுகள். கார்பனேட்டுகளின் வயதை, அதாவது நீர் இருந்த காலத்தை, இதை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.
- ஆக்சிஜனின் மூன்று ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) வரைபடம். கையால் வரைந்து பழகுங்கள்.
- குரோமியம், டைட்டானியம் ஐசோடோப்புகளில் விண்கற்கள் இரு கூட்டமாகப் பிரிகின்றன. வியாழன் கோளின் வளர்ச்சி இரண்டும் கலக்காமல் இடையில் தடுத்தது என்பது வலுவான விளக்கம், நிரூபிக்கப்பட்டதாக எழுதாதீர்கள்.
- பென்னுவின் அமினோ அமிலங்களில் இடது, வலது வடிவங்கள் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை) ஏறக்குறைய சமம். உயிர்கள் இடது வடிவத்தையே பயன்படுத்தும் இடதுசாய்வு விண்வெளியிலிருந்தே வந்தது என்ற கருத்துக்கு இது சாதகமாக இல்லை.

இடோகாவா என்ற சிறுகோளின் மாதிரியைப் பழையது என்று ஒதுக்காதீர்கள். 2010-இல் வந்தவை நுண்துகள்கள்தான். சாதாரண காண்ட்ரைட்டு என்ற, மிக அதிகமாக விழும் கல் விண்கற்கள் எஸ் வகை (சிலிக்கேட் பாறையாலான) சிறுகோள்களிலிருந்து வருகின்றன என்பதை அவைதான் உறுதிசெய்தன. எங்களுக்கு அதிலிருந்து நேரடியாகவே கேட்டார்கள்.