மத்தி மீனுக்கு ரெப் கிடையாது

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். மருந்து கம்பெனி ரெப் டாக்டர்களைப் பார்க்க வருவதுபோல, ஊட்டச்சத்து பவுடர் கம்பெனி ரெப் எங்களைப் பார்க்க வருவார். வழவழப்பான ஒரு அட்டையை நீட்டுவார். மேலே ஏறும் ஒரு கோடு, அடியில் பொடி எழுத்தில் ஓர் ஆய்விதழின் பெயர். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு மூலக் கட்டுரையைக் கேட்பேன். கிடைத்ததும் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்தை: பணம் போட்டது யார், எழுதியவர்களில் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்கள் யார் யார் என்று. அடுத்து, பவுடரை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்ப்பேன்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்த ஆய்வுகள் பலவற்றில் ஒரு குழுவுக்குப் பவுடரும் உணவு ஆலோசனையும் கிடைக்கும். இன்னொரு குழுவுக்கு வெறும் ஆலோசனைதான். பவுடர் குடித்தவர்களுக்கு எடை கூடும். தினமும் இரண்டு டம்ளர் கூடுதலாக உள்ளே போனால் கூடாமல் என்ன செய்யும்? அதே அளவு புரதத்தை முட்டையாகவோ சுண்டலாகவோ கொடுத்துப் பார்த்த குழுவைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. எண்களில் பொய் இல்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கவில்லை.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறையின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்கு கொழுப்பை முன்னிறுத்தி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டிய அந்தக் கட்டுரை 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சர்க்கரைத் தொழில்துறையின் பணம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து 2016-இல்தான் அது வெளியே வந்தது. கொழுப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை மேல் விழ வேண்டிய கவனம் அத்தனை ஆண்டுகள் திசைமாறிப் போனதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. சர்க்கரை நோயாளிகளோடுதான் என் பொழுதெல்லாம் போகிறது.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் ஒரு அம்மா வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேற வேண்டும் என்று யாரோ சொல்ல, மகன் பவுடர் டின் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"வீட்டுல மீன் ஆக்கலையாம்மா?"

"மீனை வித்துதாம்மா அந்த டப்பாவே வாங்குறோம்."

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வேளைக்குப் புரதம் 10 கிராமுக்கும் குறைவு. அவர் கூடையில் இருக்கும் மத்தியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் உண்டு. "டப்பா தீர்ந்ததும் விட்டுடுங்கம்மா. தினம் நாலு மத்தியை எடுத்து வெச்சுட்டு மிச்சத்தை வித்துக்குங்க. வறுக்காம குழம்பா வைங்க" என்றேன். மத்திக்காக அட்டையோடு வர ரெப் கிடையாது. அதை வைத்து ஆய்வு நடத்தப் பணம் போடும் கம்பெனியும் இல்லை. அரசுப் பணத்தில்தான் அது நடக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான பால்மாவு விஷயத்தில் நம் நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கம்பெனிகள் மருத்துவப் பணியாளர்களுக்குக் கருத்தரங்குச் செலவோ ஆய்வுப் பணமோ தரக்கூடாது என்று 2003 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. பெரியவர்கள் குடிக்கும் பவுடருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கும் இதே தடை வேண்டும் என்று எங்கள் துறைக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன். இனியும் கேட்பேன்.