இடம் மாறிய எழுத்து

இன்று காலை தண்டையார்பேட்டை வீட்டில், யாரும் எதையும் திறக்காதபோதே கணினியின் விசிறி மாவு மில்லைப் போல இரைந்துகொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில், ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற விண்டோஸின் சொந்த நிரலாக இருக்க வேண்டிய பெயர் ஒன்று, வியும் சியும் இடம் மாறி ‘எஸ்சிவிஹோஸ்ட்’ என்று நின்றது.

அசல் நிரல் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் இருக்கும். இதுவோ, இருப்பிடத்தைத் திறந்து பார்த்தபோது, அக்கா மகன் இறக்கிய இலவச விளையாட்டின் கோப்புறையில் குடியிருந்தது.

வைரஸ்தான் என்று சந்தேகித்து, இணைய வடத்தைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிட்டேன். விண்டோஸ் முழுதாக எழும்புமுன் அது தேடுவதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களும் பெரும்பாலும் சிக்கிவிடும்.

“மாமா, நான் கேம் மட்டும்தான் போட்டேன்” என்று அழுதவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்பா மின்கட்டணம் கட்டும் அதே கணினியில், எதையும் நிறுவ விடும் நிர்வாகி உரிமையுள்ள ஒரே கணக்கைக் கடவுச்சொல்கூட இல்லாமல் ஐந்து பேருக்கும் பொதுவாக வைத்தவன் நான்தான். (குழாயடிக் குடத்தில்கூடப் பெயர் எழுதிவைக்கும் தெரு எங்களுடையது.)

மாலையில் அப்பாவின் வங்கிக் கடவுச்சொல்லை என் கைபேசியிலிருந்து மாற்றிவிட்டு, ஆளுக்கொரு சாதாரணக் கணக்கை உருவாக்கினேன்.

தன் கணக்குக்கு எந்தப் படம் வைப்பது என்று அம்மா இன்னும் முடிவுசெய்யவில்லை.